சலானில் வராத செலவு

தமிழ்நாட்டில் அரசு கலை அறிவியல் கல்லூரியில் சேர இணையவழியில் விண்ணப்பிப்பவர் கட்டும் தொகை 50 ரூபாய். விண்ணப்பத்துக்கு 48, பதிவுக்கு 2. ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் அந்த 2 ரூபாய் மட்டும். இடம் கிடைத்துச் சேர்ந்தபின் கல்விக் கட்டணம் கிடையாது. பேருந்துக்கு இலவச அட்டை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது.

அப்படியிருந்தும், செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரக் குப்பங்களிலும் ஏரிக்கரை ஊர்களிலும் கல்லூரியில் சேர்ந்து பாதியில் நின்றுபோன பிள்ளைகளைத் தேடி வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. காரணம் கேட்டால் வீட்டுச் சூழ்நிலை என்பார்கள். அந்தச் சூழ்நிலைக்குள் ரூபாய்க் கணக்கு ஒன்று இருக்கிறது. கல்லூரிச் சலானில் அது வராது. ஆகவே எந்தத் துறையின் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அந்தக் கணக்கை எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. அதற்கு முன், கல்லூரி என்ற ஒன்று இந்தப் பகுதி மக்களுக்கு எட்டும் தொலைவுக்கு எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்லூரி கிட்ட வந்த கதை

செங்கல்பட்டுக்காரருக்குப் பட்டப்படிப்பு என்றால் நெடுங்காலம் சென்னைப் பட்டணம் என்றுதான் பொருள். 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி பட்டணத்து நெரிசலிலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியது. தென்பகுதி மாணவர்களுக்குக் கொஞ்சம் தொலைவு குறைந்தது. 1947இல் காஞ்சிபுரத்தில் பச்சையப்பன் கல்லூரி வந்தது. இரண்டுமே நல்ல பெயர் பெற்றவை. ஒன்று திருச்சபையாலும் மற்றொன்று தனியார் அறக்கட்டளையாலும் உருவானது. ரயில் சீட்டும் விடுதிச் செலவும் தாங்கக்கூடிய குடும்பங்களின் பிள்ளைகளே அங்கு பெரும்பாலும் போக முடிந்தது.

1960களின் நடுவில் நிலைமை மாறத் தொடங்கியது. காமராசர் காலத்தில் ஊர்தோறும் திறந்த பள்ளிகளிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வெளியே வந்த முதல் தலைமுறை கல்லூரி வாசலில் வந்து நின்றது. திருவண்ணாமலையில் 1966, செய்யாற்றில் 1967, திண்டிவனத்தில் 1969 என்று வடதமிழகத்தின் நடுத்தர ஊர்களில் அரசுக் கலைக் கல்லூரிகள் அடுத்தடுத்து எழுந்தன. அந்த வரிசையில் 1970இல் செங்கல்பட்டுக்குக் கிடைத்ததுதான் இன்றைய இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்ற கல்லூரி அது. ஆனால் படிக்க வருபவர்கள் மதுராந்தகம், அச்சிறுப்பாக்கம், திருக்கழுக்குன்றம், கல்பாக்கம், திருப்போரூர், உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள்.

இந்த ஊரைத் தேர்ந்ததில் ஒரு பொருத்தம் உண்டு. செங்கல்பட்டு ஒரு ரயில் சந்திப்பு. கடற்கரை, தாம்பரம் பக்கமிருந்து வரும் மின்ரயில் இங்கே வந்து சேர்கிறது. அரக்கோணம், காஞ்சிபுரம் பாதை இங்கே பிரிகிறது. விழுப்புரம் பக்கத்துப் பயணிகள் ரயில்கள் இங்கே நிற்கின்றன. கிழக்கே போகும் பேருந்துகள் திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரையைத் தொடுகின்றன. வீட்டில் படுத்து எழுந்து கல்லூரிக்குப் போய்வர முடியும் என்ற ஒரே வசதி, விடுதிக்கு அனுப்பத் தயங்கிய ஆயிரக்கணக்கான பெற்றோரைச் சம்மதிக்க வைத்தது. குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் பெற்றோரை.

1978இல் மேல்நிலைப் பள்ளி முறை வந்து, கல்லூரியிலிருந்த புகுமுக வகுப்பு பள்ளிக்குப் போனது. அதனால் பன்னிரண்டாம் வகுப்பு வரை சொந்த ஊர்ப் பக்கத்திலேயே படிக்கலாம் என்றானது. 1984இல் சுயநிதிக் கல்லூரிகளுக்கு அரசு வழிவிட்டபின், ஜி.எஸ்.டி. சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் பொறியியல் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் வளர்ந்தன. காட்டாங்குளத்தூர், படூர், கேளம்பாக்கம் எல்லாம் இந்தியா முழுவதிலுமிருந்து மாணவர்கள் வந்து தங்கும் இடங்களாயின. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது, தமிழ்நாட்டில் கல்வி வளாகங்கள் மிக நெருக்கமாக அமைந்த மாவட்டங்களில் ஒன்றாகவே செங்கல்பட்டு பிறந்தது. ஆனால் அந்த வளாகங்களின் கட்டணத்தைக் கட்ட முடியாத உள்ளூர்ப் பிள்ளைக்கு இன்றும் நம்பிக்கை, 1970இல் வந்த அந்தக் கல்லூரியும் அதைப் போன்ற சிலவும்தான்.

கட்டணம் நீங்கிய வரலாறு

உயர்கல்விக்கு அரசு பணம் தருவது புதிதன்று. ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை 1944இலேயே தொடங்கிவிட்டது. அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலம் அது. பட்டியலின, பழங்குடி மாணவர்கள் பல தலைமுறையாகக் கல்லூரிக்குள் நுழைய வழிசெய்த திட்டம் அதுவே.

தமிழ்நாடு 2007-08 கல்வியாண்டில் ஒரு படி மேலே போனது. அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் சாதி வேறுபாடின்றி அனைவருக்கும் இளநிலைப் படிப்பின் கல்விக் கட்டணம் நீக்கப்பட்டது. 2010-11இல் முதுநிலைக்கும் அது விரிந்தது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் இந்தப் பார்வையையே மாற்றியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு, உயர்கல்வி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் முன்பிருந்த திருமண உதவித் திட்டத்தின் பணம் படிப்புக்குத் திரும்பியது. 2024 ஆகஸ்டில் தமிழ்ப்புதல்வன் திட்டத்தின் மூலம் மாணவர்களுக்கும் அதே உதவி கிடைத்தது.

கட்டணத்தைக் குறைப்பதும் செலவுக்குப் பணம் கொடுப்பதும் ஒன்றல்ல என்று அரசு ஒப்புக்கொண்ட இடம் இதுதான். படிக்கும் காலத்தில் மாணவருக்கு வேறு செலவும் இருக்கிறது என்பதை ஓர் அரசாணை ஏற்றுக்கொண்டது. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மாணவர் சேர்க்கை விகிதம் 47. நாட்டின் சராசரி 28.4. இந்த உயரத்துக்குப் பின்னால் அரை நூற்றாண்டுக் கொள்கை இருக்கிறது. பெருமைப்பட வேண்டிய விஷயம். பெருமைப்படுகிறவர்கள்தான் அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும்: சேர்ந்தவர்கள் அனைவரும் முடிக்கிறார்களா?

ஒரு வருடத்துக் கணக்கு

கணக்குக்காகச் சதுரங்கப்பட்டினத்தில் ஒரு மாணவியை வைத்துக்கொள்வோம். அப்பா படகில் கூலிப்பங்குக்குப் போகிறார். அம்மா மீன் விற்கிறார். மகள் செங்கல்பட்டில் பி.ஏ. வரலாறு சேர்ந்திருக்கிறாள். வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர்.

முதலில் பயணம். மாணவர் இலவசப் பேருந்து அட்டை இருக்கிறது. 2021 மே மாதம் தொடங்கிய பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணமும் இருக்கிறது. ஆனால் அது சாதாரண நகரப் பேருந்துகளில் மட்டும். காலை நேரத்தில் அந்த வகைப் பேருந்து ஒன்று தவறினால் அடுத்து வருவது கட்டணப் பேருந்தாக இருக்கும், அல்லது ஷேர் ஆட்டோ. காத்திருப்பதையும் சேர்த்தால் போகவர நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் சாலையில் போகும். ரயிலடிக்குப் பக்கத்து ஊர்ப் பெண்ணாக இருந்தால் நிலைமை மேல்: 2008-09 ரயில்வே நிதிநிலை அறிக்கைக்குப் பின் மாணவிகளுக்குப் பட்டப்படிப்பு வரை இரண்டாம் வகுப்பு மாத சீசன் சீட்டு இலவசம். மாணவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்போடு அது நின்றுவிடுகிறது. அச்சிறுப்பாக்கத்து அக்காவுக்கு இலவசம், தம்பிக்குச் சலுகைக் கட்டணம். கடலோரத்தில் ரயிலே இல்லை. அங்கே பிறந்தவருக்கு அண்ணன், தங்கை இருவருக்கும் பேருந்தே கதி.

அடுத்தது சாப்பாடு. தமிழ்நாட்டின் சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. 1982இல் விரிவாக்கப்பட்டு மூன்று தலைமுறையைப் பள்ளிக்கு இழுத்த அந்தத் தட்டு, பதினாறு வயதில் கையிலிருந்து வாங்கப்படுகிறது. அரசு விடுதியில் தங்கும் கல்லூரி மாணவருக்கு மாத உணவுப்படி 2023இல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்ந்தது. ஒரு நாளைக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கும் சேர்த்து. வீட்டிலிருந்து வருபவருக்கு அந்த ஐம்பதும் இல்லை. விடியலில் கிளம்பும் மகளுக்குச் சோறு கட்டிக்கொடுக்க, அதற்கு முன்பே கரைக்கு மீன் எடுக்கப் போய்விடும் தாய்க்கு நேரமில்லை. காலையில் டீயும் பன்னும், மதியம் கடையில் ஒரு பொட்டலம் அல்லது எதுவுமில்லை என்று நாள் ஓடுகிறது. பல அரசுக் கல்லூரிகள் இரண்டு ஷிப்டாக நடப்பவை. காலை ஷிப்ட் மாணவர்கள் காலைச் சாப்பாட்டையும் மதிய ஷிப்ட் மாணவர்கள் மதியச் சாப்பாட்டையும் இழப்பது அந்த முறையோடு வந்த பழக்கம்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது: போகாமல் விட்ட வேலையின் கூலி. பல்கலைக்கழக மானியக் குழு கேட்கும் கற்பித்தல் நாட்கள் ஆண்டுக்கு 180. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2024-25இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளுக்கு 319 ரூபாய். அதை அளவுகோலாக எடுத்துக்கொண்டால், 180 நாள் கல்லூரியில் உட்கார்வதற்கு ஒரு மாணவர் விட்டுக்கொடுக்கும் தொகை 57,420 ரூபாய். புதுமைப்பெண் தருவது ஆண்டுக்கு 12,000. அதாவது இழந்த கூலியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மறைமலைநகர், ஒரகடம், மகேந்திரா வேர்ல்டு சிட்டி ஆலைகளின் ஒப்பந்தத் தொழிலாளி வாங்கும் கூலியை வைத்துப் பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிது. அந்த ஆலைகளின் வேன்கள் கிராமத்து முச்சந்தி வரை வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகின்றன. கல்லூரிக்குப் போகும் பேருந்தைவிட ஆலைக்குப் போகும் வேன் வேளை தவறாமல் வருகிறது என்பதைப் பதினெட்டு வயதுப் பிள்ளை தினமும் பார்க்கிறது.

இந்த இழப்பை மாணவர்கள் தாங்களே ஈடுகட்டப் பார்க்கிறார்கள். முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் வேலை, சனி ஞாயிறுகளில் மாமல்லபுரத்துக் கடைகளில் விற்பனை, இரவில் உணவு டெலிவரி, விடுமுறையில் கம்பெனி ஷிப்ட். ஆவணியிலும் தையிலும் மண்டபங்கள் நிரம்பும்போது வகுப்பறையின் கடைசி வரிசைகள் காலியாவதற்கு இதுவும் ஒரு காரணம். வருகைப் பதிவு குறைந்தால் தேர்வெழுத அனுமதி சிக்கலாகும், அரியர் விழும், ஒவ்வொரு அரியருக்கும் மறுபடியும் தேர்வுக் கட்டணம். வேலைக்குப் போனால் தேர்வு தவறுகிறது, போகாவிட்டால் தேர்வுக்குக் கட்டப் பணமில்லை. இந்த வளையத்துக்குள் இரண்டு செமஸ்டர் சுற்றியவர்களை மூன்றாவது செமஸ்டரில் பார்ப்பது அரிது.

நான்காவதாகச் சின்னச் சின்னச் செலவுகள். 50 ரூபாய் விண்ணப்பத்தைப் போட்டுத்தரும் நெட் சென்டர்க்காரருக்கு, சான்றிதழ் ஸ்கேன் செய்ய, நகல் எடுக்க, இ-சேவை மையத்தில் வருமானச் சான்றும் சாதிச் சான்றும் எடுக்க என்று தனித்தனியே பணம் போகிறது. உதவித்தொகைக்கு ஆதார், வங்கிக் கணக்கு, கைபேசி எண் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறினால் பணம் நிற்கும். இருளர் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். இந்தக் கரையோரத்தின் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நாட்டின் பாம்புக்கடி முறிமருந்துக்கு நஞ்சு தந்துவரும் நிறுவனம். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நாடே அறிந்த அந்தச் சமூகத்தில் ஒரு மாணவர் பழங்குடிச் சான்றிதழ் பெறக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது. பெற்றோருக்குச் சான்றிதழ் இல்லாத வீட்டில் பிள்ளைக்குக் கிடைப்பது எளிதில்லை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகிறது.

இவை எதுவும் சலானில் இல்லை. அமெரிக்க விஸ்கான்சின் மாநிலத்தில் 2008இல் அரசுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் உதவித்தொகையோடு சேர்ந்த 3,000 ஏழை மாணவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த சாரா கோல்ட்ரிக்-ராப் 2016இல் எழுதிய நூல் இதே கணக்கைத்தான் அங்கே கண்டது. அவர்களில் பாதிப் பேர் பட்டமின்றி வெளியேறினர். ஐந்து ஆண்டுகளுக்குள் முடித்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. வீட்டு வாடகை, சாப்பாடு, பயணம், வேலை நேரம் ஆகியவை அவர்களை அழுத்தின. பணக்கார நாட்டிலும் ஏழை மாணவர் தோற்பது வகுப்பறைக்கு வெளியேதான்.

மாமல்லபுரத்தில் ஒரு கல்லூரி ஒரு தொழிலை உண்டாக்கியது

சதுரங்கப்பட்டினத்திலிருந்து வடக்கே கொஞ்சம் போனால் மாமல்லபுரம். அங்கு தெருவுக்குத் தெரு உளிச்சத்தம் கேட்கிறது. பல்லவர் காலத்திலிருந்து அறுபடாமல் வரும் சத்தம் என்று சுற்றுலாப் பயணிகள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இன்றைய பட்டறைத் தொழிலுக்கு வேர் ஓர் அரசுக் கல்வி நிறுவனம். 1957இல் சென்னை மாநில அரசு இங்கே கோயிற்கட்டடக்கலை, சிற்பக்கலைப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. அதன் முதல் பொறுப்பாளர் வைத்தியநாத ஸ்தபதி. 1961 முதல் 1988 வரை அதை நடத்தியவர் அவர் மகன் வை. கணபதி ஸ்தபதி, 2000 சனவரி முதல் நாள் கன்னியாகுமரியில் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையை வடித்தவர்.

கணபதி ஸ்தபதி காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் படித்தவர். பரம்பரைக் கைவேலையையும் பல்கலைக்கழகப் படிப்பையும் ஒரே ஆளாக அறிந்திருந்தவர் தலைமையேற்றதால், பயிற்சிப் பள்ளி பட்டம் தரும் கல்லூரியாக வளர்ந்தது. தாலமானம் என்னும் சிற்ப அளவுமுறை வகுப்பறைப் பாடமானது; மயமதம் போன்ற நூல்கள் பாடத்திட்டத்துக்குள் வந்தன. இன்று அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி என்ற பெயரில், 2013இல் உருவான இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ், மரபுக் கட்டடக்கலை, கல், உலோகம், மரம், சுதைச் சிற்பம், மரபு ஓவியம் ஆகியவற்றைக் கற்பிக்கிறது.

இதன் சமூக விளைவு இரண்டு. குலவழியில் மட்டும் கைமாறி வந்த ஒரு வித்தைக்குப் பொதுச் சேர்க்கை வந்தது. எந்தச் சாதியில் பிறந்த பிள்ளையும் விண்ணப்பித்து, இடஒதுக்கீட்டில் இடம் பெற்று, உளி பிடிக்கலாம் என்றானது. இரண்டாவது, படித்து முடித்தவர்களில் பலர் அங்கேயே பட்டறை போட்டார்கள். அவர்களிடம் வேலை கற்றவர்கள் தனிப் பட்டறை போட்டார்கள். 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் பெற்ற ஊர், 2015இல் உலகக் கைவினைக் குழுவின் கற்சிற்ப நகரம் என்ற ஏற்பைப் பெற்றது; 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீட்டின் பின்னணியில், மரபுக்குச் சமமாக, ஒரு சிறிய அரசுக் கல்லூரியின் அறுபதாண்டு உழைப்பும் இருக்கிறது.

இங்கும் சலானில் வராத செலவு உண்டு. மின்சாரக் கிரைண்டர் வந்தபின் வேலை வேகமாகிவிட்டது, கற்தூசும் பெருகியது. கருங்கல் தூசைப் பல ஆண்டு சுவாசிப்பவரின் நுரையீரலைச் சிலிக்கோசிஸ் அரிக்கும். அதற்கு மருந்தில்லை, தடுப்பு ஒன்றே வழி. முகமூடியும் தண்ணீர் தெளித்து அறுக்கும் முறையும் தாலமானத்தைப் போலவே முதலாண்டுப் பாடமாக வேண்டும்.

சமுதாயக் கல்லூரிகள் எங்கே நின்றன

உள்ளூர்ப் பிள்ளைக்கு, உள்ளூர்த் தொழிலுக்கு, குறைந்த செலவில் கல்லூரி என்ற எண்ணத்துக்கு உலகில் தனி வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1901இல் ஜோலியட் நகரில் தொடங்கிய இரண்டாண்டுக் கல்லூரியை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946இல் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, நாடு முழுவதும் சமுதாயக் கல்லூரிகளைப் பரப்பச் சொன்னது. கலிபோர்னியா 1960இல் தீட்டிய உயர்கல்விப் பெருந்திட்டம் அவற்றைப் பல்கலைக்கழகத்தோடு இணைத்தது: ஊர்க் கல்லூரியில் இரண்டாண்டு கட்டணமின்றிப் படித்தவர், மூன்றாமாண்டில் நேராகப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். 1984இல் அங்கே கட்டணம் நுழைந்து, 2012இல் ஒரு பாட அலகுக்கு 46 டாலராக ஏறியது. பொதுக் கல்வியில் ஒருமுறை எட்டிப்பார்த்த கட்டணம் தானாக இறங்குவதில்லை என்ற பாடம் அதில் இருக்கிறது.

இந்தியாவில் முதல் சமுதாயக் கல்லூரி 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. 1996இல் சென்னையில் திருச்சபை முயற்சியில் இன்னொன்று தொடங்கியது. இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் 1999 முதல் இதற்கென ஒரு மையம் நடத்தி, தமிழ்நாடெங்கும் இந்த முறையைப் பரப்பினார். பள்ளியை விட்டவர்கள், கணவனை இழந்த பெண்கள், பட்டியலின இளைஞர்கள் ஆகியோருக்கு வாழ்க்கைத் திறன், தொழில் திறன், தொழிலகத்தில் நேரடிப் பயிற்சி என்று ஓராண்டுப் பட்டயம். 2002இல் பிறந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இத்தகைய கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தந்தது. 2009இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒரு திட்டம் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே நிறுத்தியது. 2013இல் பல்கலைக்கழக மானியக் குழு மறுபடி ஒரு திட்டம் கொண்டுவந்தது.

முப்பது ஆண்டு முயற்சிக்குப் பிறகும் செங்கல்பட்டுக் கிராமத்துப் பெற்றோரிடம் சமுதாயக் கல்லூரி என்று சொன்னால் அவர்கள் முகத்தில் அதை அறிந்த அடையாளம் தெரிவதில்லை. கற்பித்தவர்களின் அக்கறையைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பட்டயத்தை வைத்துக்கொண்டு பட்டப்படிப்பின் இரண்டாமாண்டில் சேர முடியாமற்போனதே தடை. ஏழைக் குடும்பம் ஓராண்டை முதலீடு செய்யும்போது, அதன் மேல் இன்னொரு படி இருக்கிறதா என்று பார்க்கும். படியில்லாத பட்டயத்தை, பட்டத்துக்குத் தகுதியில்லாதவருக்கான ஏற்பாடு என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. கலிபோர்னியா செய்ததைப் போன்ற முழு இணைப்பு இங்கே வரவில்லை.

செய்யக்கூடியவை

ஆக, இந்தக் கரையில் மூன்று அரைகுறை விடைகள் இருக்கின்றன. செங்கல்பட்டு அரசுக் கல்லூரியில் பட்டமும் குறைந்த கட்டணமும் உண்டு. ஆனால் பாடத்துக்கும் சுற்றியுள்ள வேலைக்கும் தொடர்பு மெலிது. மாமல்லபுரம் கல்லூரியில் ஊர்த்தொழிலும் பட்டமும் கைகோத்திருக்கின்றன. ஆனால் இடங்கள் கொஞ்சம். சமுதாயக் கல்லூரிகள் எளியவரைத் தேடிப் போயின. ஆனால் மேலே ஏறப் படி வைக்கவில்லை. மூன்றையும் சேர்ப்பதற்குப் புதிய நிறுவனம் எதுவும் வேண்டாம்.

முதல் வேலை, ஊர்த்தொழிலைப் பட்டத்துக்குள் கொண்டுவருவது. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கலைக் கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள் திறன் பாடங்களை மதிப்பெண் அலகோடு நுழைத்திருக்கிறது. கதவு திறந்தாயிற்று, உள்ளே வருபவை பெரும்பாலும் ஆங்கிலப் பேச்சு, கணினி, வங்கிப் பணி. இந்த மாவட்டத்துக்கு வேறு பாடங்களும் வேண்டும்: நெம்மேலிக் கடல்நீர்க் குடிநீராக்கத்தின் தொழில்நுட்பம், மீன் பதப்படுத்தலும் குளிர்ச்சேமிப்பும், தொல்லியல் இடங்களில் வழிகாட்டும் பணி, கற்சிற்பத்தைக் காத்துப் பராமரிக்கும் முறை, பாலாற்றுப் படுகையின் ஏரி மேலாண்மை. செங்கல்பட்டு வரலாற்று மாணவி ஒரு பருவம் மாமல்லபுரம் கல்லூரியில் சிற்ப அளவுமுறை கற்று, அந்த அலகைத் தன் பி.ஏ.வில் சேர்த்துக்கொள்ளலாம். 2021இல் மானியக் குழு உருவாக்கிய கல்வி அலகு வங்கி இதற்கென்றே இருக்கிறது. திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டயங்களுக்கும் அதே வங்கியில் கணக்குத் திறந்தால், முப்பது ஆண்டாக இல்லாத படி கிடைத்துவிடும்.

இரண்டாவது, மதியச் சோறு. பள்ளிக்கூடத்தில் சத்துணவு என்ன செய்தது என்று தமிழ்நாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அதே நம்பிக்கையில்தான் பிறந்தது. அரசுக் கல்லூரி வளாகத்தில் ஒருவேளைச் சாப்பாட்டை மகளிர் சுய உதவிக்குழுக்கள் சமைத்தால், படிக்கும் பிள்ளைக்கு உணவும் அதே ஊர்த் தாய்மார்களுக்கு வேலையும் கிடைக்கும்.

மூன்றாவது, பேருந்து. கல்லூரியின் ஷிப்ட் நேரத்தையும் போக்குவரத்துக் கழகத்தின் கால அட்டவணையையும் ஒரே மேசையில் வைத்துப் பொருத்தினால் போதும்; புதிதாகப் பணம் தேவையில்லை. திருக்கழுக்குன்றம், கல்பாக்கம், திருப்போரூர்த் தடங்களில் ஷிப்ட் தொடங்கும் முடியும் வேளைக்கு ஒரு சாதாரணப் பேருந்து என்ற உறுதியே பல மாணவிகளைத் தக்கவைக்கும். ரயில்வே தன் பங்குக்கு மாணவிகளுக்குத் தரும் இலவச சீசனைப் பட்டப்படிப்பு மாணவர்களுக்கும் நீட்டலாம்.

நான்காவது, சான்றிதழ் மாணவரைத் தேடி வரவேண்டும். கல்லூரிச் சேர்க்கை நாட்களில் வருவாய்த்துறையும் வங்கியும் இ-சேவை மையமும் வளாகத்திலேயே முகாம் நடத்தினால், ஒரு கூலிநாளில் முடியவேண்டிய வேலை பத்துக் கூலிநாளைத் தின்னாது. இருளர் குடியிருப்புகளுக்குத் தனி முகாம் அவசியம்.

ஐந்தாவது, எல்லாவற்றுக்கும் அடிப்படையானது: கணக்கு. ஒவ்வொரு அரசுக் கல்லூரியும் எத்தனை பேரைச் சேர்த்தோம் என்று சொல்கிறது. எத்தனை பேர் எந்தச் செமஸ்டரில், எந்த ஊரிலிருந்து வருபவர், எதனால் நின்றார் என்றும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அந்தப் பட்டியல் வந்தால், எந்தத் தடத்தில் பேருந்து இல்லை, எந்தக் குப்பத்தில் மாணவிகள் இரண்டாமாண்டில் மறைகிறார்கள், எந்தப் பாடத்தில் அரியர் குவிகிறது என்பது தானே தெரியவரும். கௌரவ விரிவுரையாளர்களை நம்பி நடக்கும் துறைகளில் நிரந்தர ஆசிரியர் இல்லாததன் விலையும் அதில் தெரியும். நிற்கப்போகும் மாணவரை முதலில் கவனித்துப் பேசவேண்டியவர் அவருடைய ஆசிரியர்தான்.

1970இல் கல்லூரியை ஊருக்குக் கிட்டத்தில் கொண்டுவந்த தலைமுறை, தொலைவும் ஒரு கட்டணம் என்பதை உணர்ந்திருந்தது. 2007இல் கல்விக் கட்டணத்தை நீக்கியவர்கள் அடுத்த தடையை எடுத்தார்கள். 2022இல் மாதாந்திர உதவி மூன்றாவது தடையைத் தொட்டது. சாப்பாடு, பேருந்து நேரம், இழந்த கூலி, சான்றிதழ் நடை, மேலே ஏறும் படி ஆகியவை மீதமிருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை ஒரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஐந்து துறைகள் கூடி உட்கார்ந்தால் தீர்க்கக்கூடியவை. அரசுக் கல்லூரியில் கால் வைத்த பிள்ளை பட்டத்தோடு வெளியே வருவதற்கு ஆகும் முழுச் செலவையும் பொதுச் செலவாக ஏற்பதுதான், கட்டணமில்லாக் கல்வி என்ற வாக்குறுதிக்கு இனி இந்த மாநிலம் செய்யவேண்டிய நியாயம்.